ரத்தத்துக்குப் பூப் போட்டுப் பார்த்தவர்கள்

எங்கள் குலசாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவன் நான், இன்றைக்கும் போடுகிறேன். என் கோபமெல்லாம் அவள் சன்னதியில் போய் நின்றுகொண்டு கேட்கக் கூடாததைக் கேட்டவர்கள் மேல். அவர்கள் வேறு யாரோ இல்லை. என் கூடப் பிறந்த அண்ணன், என் மனைவி, நான் பெற்று வளர்த்த மகன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறேன். கண்ணாடி மேஜைக்குக் கீழே லைட் எரியும், மேலே ரோலில் இருந்து துணி ஓடும். ஓட்டை, கறை, நூல் அறுந்தது எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். என் மகன் நிட்டிங் மெஷின் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் வடக்கே ஊர் ஊராகப் போய் மெஷின் மாட்டிக் கொடுப்பான், மாதக்கணக்கில் வரமாட்டான். மருமகள் எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் தைத்தவள். விருதுநகர்ப் பக்கம் இருந்து பிழைக்க வந்த குடும்பம், வேலம்பாளையத்தில் காலனி வீட்டில் இருக்கிறார்கள். வேலையில் சுத்தம், பேச்சில் நேர். நானே போய்ப் பெண் கேட்டேன்.

அண்ணனுக்கு அது இன்றுவரை பொறுக்கவில்லை. சொந்தத்தில் பெண்ணே இல்லாத மாதிரி தெற்கே இருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று, ஏதோ மாடு பிடித்து வந்ததைச் சொல்வதுபோல, காங்கேயம் வரைக்கும் சொல்லித் திரிந்தார். ஜாதகத்தை மட்டும் அவரே கையில் வாங்கிக்கொண்டு போனார். பொருத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஜோசியர் சொன்ன பிறகு அவருக்குப் பேச வழியில்லை. ராசி பார்த்தோம், நட்சத்திரம் பார்த்தோம், நாகதோஷம் உண்டா என்று கூடப் பார்த்தோம். பையனின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கல்யாணமாகி வருசம் திரும்புவதற்குள் மருமகள் உண்டானாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்க்கிற அன்றைக்கு மகன் வெளியூரில் மெஷின் பார்க்கப் போயிருந்தான். என் மனைவிக்கு முழங்கால் வலி. நான்தான் மொபெட்டில் வைத்துக் கூட்டிப்போனேன்.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, விரல் நீளத்துக்கு ஒரு அட்டையில் விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதில் கோடு விழும். மற்ற பெண்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இவளை மட்டும் உட்காரச் சொன்னார் நர்ஸம்மா. பிறகு உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வெளியே போக எழுந்தேன். மாமனார் இருக்கட்டுமா, போகச் சொல்லட்டுமா என்று நர்ஸம்மா அவளைத்தான் கேட்டார், என்னை இல்லை. இருக்கட்டும் என்றாள்.

அந்த வியாதிக்கு சிபிலிஸ் என்று பேர், அந்தக் காலத்தில் மேகப்புண் என்பார்கள் என்று சொன்னார். மருமகள் அசையவில்லை, குத்தின விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"கிருமி உள்ள பூந்தா நம்ம ரத்தம் அதுக்கு எதிரா ஒரு காவலை நிறுத்துமுங்க. இந்த அட்டை அந்தக் காவல்காரனைத்தான் பாக்குது, திருடனைப் பாக்கறதில்லை. எப்ப வந்தான், எந்த வாசல்ல வந்தான்னு இதுக்குத் தெரியாது," என்றார் நர்ஸம்மா. அதனால் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு விதமாக இன்னொரு முறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். ஊசி இருக்கிறது, நல்லபடியாகக் கேட்கிற ஊசி, ஆனால் நாள் கடத்தக் கூடாது என்றார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போய்விட்டால் பிள்ளை தங்காமலே போகலாம். தங்கினாலும் கண், காது, எலும்பு என்று எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும். மறுநாளே வரச் சொன்னார். புருஷனையும் கையோடு கூட்டி வர வேண்டும், அவனுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

மொபெட்டிலேயே திரும்பினோம். எங்கள் தெருமுனை வந்ததும் பின்னால் இருந்து மெதுவாக, "மாமா, நான் ஒரு தப்பும் பண்ணல. நீங்க நம்புறீகளா?" என்றாள்.

"நம்பாமத்தான் உன்னைய வண்டியில வெச்சுக் கூட்டியாறனா அம்மணி?" என்றேன்.

மகனும் அன்றைக்கு மதியமே ஊர் திரும்பியிருந்தான். அவளே அவனிடமும் என் மனைவியிடமும் மறைக்காமல் சொன்னாள். என் மனைவி அழுதாள், பிறகு செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள், அண்ணனுக்குப் போன் போட்டாள். மகன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தனக்கு ஒன்றும் கிடையாது, தனக்கு எதற்கு ரத்தம் பார்ப்பது என்று மட்டும் சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டான்.

அண்ணன் பொழுது சாய்வதற்கு முன்பே வந்து சேர்ந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் கூடக் கேட்கவில்லை. பூப் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் இது உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எது என்று தெரியாதபடி சாமி பாதத்தில் போடுவார்கள். மனதில் ஒன்றை நினைத்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிவப்பு வந்தால் இல்லை. கிணறு வெட்ட, பெண் எடுக்க, ஊர்த் திருவிழாவுக்கு நோம்பி சாட்ட எல்லாவற்றுக்கும் கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணை எடுக்கும்போது கேட்டேன், வெள்ளை வந்தது. ஆக எனக்குப் பூவின் மேல் அவநம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு பூக் கேட்கலாமே என்றேன். அண்ணன் என்னை ஏதும் அறியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஊசி போட்டுக்கிட்டா, அப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சுடா. ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? மொதல்ல சாமி சொல்லட்டும்."

இந்த ஒரு வார்த்தை எத்தனை பெரிய விஷம் பாருங்கள். மருந்து சாப்பிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமாம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் யார் எதை ஒப்புக்கொள்கிறார்கள்? நான் கத்தினேன். என் மனைவி அண்ணன் பக்கம் நின்றாள். இந்தப் பேச்சுக்கு நடுவில் மருமகள் வந்து, கோயிலுக்குத் தான் வருவதாகச் சொன்னாள். தனக்கு என்ன பயம் என்றாள். அவளே சொன்ன பிறகு நானும் விட்டுக்கொடுத்தேன். பூக் கேட்க வெள்ளிக்கிழமைதான் ஆகும் என்றார்கள். அதுவரை நர்ஸம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தார். என் மனைவி எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. வயிற்றுக்குள் ஒரு உயிர் காத்துக்கொண்டிருந்தது, நாங்கள் வெள்ளிக்கிழமைக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

கோயில் ஊரை விட்டுத் தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. காலையிலேயே வெயில் சுட்டது. மருமகள் தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டி வந்திருந்தாள். பூசாரி பூவை மடித்து வைத்துவிட்டு என்ன கேட்க வேண்டும் என்று கேட்டார்.

"இந்தப் புள்ள யோக்கியமா இருந்திருந்தா வெள்ளை. இல்லீன்னா சிவப்பு," என்றார் அண்ணன்.

அவளை வைத்துக்கொண்டே, அவள் முகத்துக்கு நேராக. கட்டின புருஷன் பக்கத்தில் கைகட்டி நிற்கிறான், ஒரு சொல் சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எந்தச் சாமியும் தணிக்கவில்லை.

பூசாரி பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

என் மனைவி கதறிவிட்டாள். குங்குமத்தை அள்ளி மருமகள் நெற்றியில் அப்பினாள். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாமி சொல்லிவிட்டதால் அந்த அட்டைதான் பொய், இனி ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கிளம்பலாம் என்று ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மகனின் முகத்தைப் பார்த்தேன்.

மருமகளுக்கு வந்திருக்க வேண்டிய நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. ரொம்ப நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டதுபோல. பத்தினியா என்று கேட்டது அவளை. வேர்த்து வழிந்தது இவனுக்கு. ஆயுசு முழுக்க வெளிச்சத்தில் துணியைப் பார்த்துப் பழகின கண் இது. எது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"பூசாரி, இன்னொருக்கா பூ மடிங்க," என்றேன்.

"அதான் வெள்ளை வந்துருச்சுங்களே?"

"அது அவளுக்கு வந்ததுங்க. இது இவனுக்கு."

பூசாரி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இலையைக் கையில் எடுத்தார்.

"வேண்டாங்கப்பா," என்றான் மகன்.

"ஏன் கண்ணு வேண்டாங்கறே? உன்ற பொண்டாட்டி இந்தா இதே எடத்துலதான் நின்னா."

"வெயில் ஏறுதுங்கப்பா. வாங்க போலாம்."

அண்ணன் குறுக்கே வந்தார். "ஆம்பளைப் பையனுக்குப் பூக் கேட்டதா நான் எங்கயும் கேள்விப்பட்டதில்லடா. சாமிக்கே சிரிப்பு வந்துரும்."

"சிரிக்கட்டுங்க அண்ணா. நம்ம ஆத்தா சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

பூசாரி வெள்ளையையும் சிவப்பையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தன் பைக்கை எடுத்தான். அவன் போவதை மருமகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி அடங்குகிற வரைக்கும் பார்த்தாள்.

"மாமா, அந்தப் பூவைக் கீழ வைக்கச் சொல்லுங்க," என்றாள். "வண்டியை எடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

வெள்ளை வந்த பிறகும் ஊசி போட்டால் சாமிக்கு ஆகாது அம்மணி என்று என் மனைவி அவள் கையைப் பிடித்தாள்.

"அத்தை, சாமி என்னையப் பத்திச் சொல்லிருச்சு, எனக்கு அது போதும். என் வகுத்துல இருக்குறதைப் பத்தி உங்கள்ல யாரு கேட்டீக?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. பூ பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் வந்தது. அவள் யோக்கியம் என்று எங்கள் தாய் சொன்னாள். ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு அவள் வேறு ஆட்களைப் படைத்திருக்கிறாள். அந்த அட்டையும் அவள் கொடுத்ததுதான், அந்த நர்ஸம்மாவும் அவள் அனுப்பினவர்தான். இதைக் கூட நம்பாதவனுக்கு என்ன பக்தி வேண்டியிருக்கிறது?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. ஏன் இத்தனை நாள் என்று என்னைத்தான் திட்டினார். கோயிலுக்குப் போனோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை அட்டை இல்லை. ரத்தத்தில் தெளிந்து நிற்கிற நீரை எடுத்து, உப்புத் தண்ணீர் கலந்து, இன்னும் கலந்து, எத்தனை தூரம் நீர்த்துப் போன பிறகும் அது காட்டுகிறது என்று பார்ப்பார்களாம். அந்த அளவு பிற்பாடு இறங்க வேண்டும், இறங்கினால்தான் மருந்து கேட்டது என்று அர்த்தம். அட்டையில் வருகிற கோடு பெரும்பாலும் அப்படியே இருக்குமாம், நோய் போன பிறகும் ஆயுசுக்கும் காட்டுமாம். அப்போது மருமகள் தலையைத் திருப்பி, "ஆயுசுக்கும்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் என் மகனை அறைய வேண்டும் போல இருக்கிறது.

கையில் கொஞ்சம் மருந்து ஏற்றி ஒவ்வாமை பார்த்துவிட்டு, இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். எப்போது வந்த நோய் என்று தெரியாததால் வாரம் ஒரு தடவை என்று மூன்று வாரம் போட வேண்டும் என்றார்கள். கெட்டியான மருந்து, இறங்க இறங்க வலிக்குமாம். வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது பரிசோதனையிலும் நோய் இருப்பதாகவே வந்தது.

மகனிடம் நான் நீளமாகப் பேசவில்லை. நாளைக் காலையில் என்னோடு வந்து ரத்தம் கொடுக்கிறாயா, இல்லை, உன் பெரியப்பன் வீட்டில் போய் இருந்துகொள்கிறாயா என்றேன். அவனும் ஒருநாள் போய்ப் பார்த்தான். வியாதிக்காரியின் புருஷன் புழங்கின டம்ளர் என்று அங்கே தனியாக எடுத்து வைத்தார்களாம். டம்ளரில் ஒட்டுகிற வியாதி இல்லை இது. ஆனாலும் அந்த அறியாமைக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன், அதுதான் அவனைத் திருப்பி அனுப்பியது.

அவனுக்கும் இருந்தது. டாக்டரம்மா கேட்டபோது நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். வடக்கே இருந்த காலத்தில் ஒரு புண் வந்தது, வலிக்கவில்லை, தானாக ஆறிப்போனது, அதனால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன் என்றான். இந்த நோய்க்கு அதுதான் வழக்கமாம். வலிக்காது, தானே மறையும், மறைந்தபடி உள்ளே இருக்கும். ஆறிப்போன புண்ணோடு மணவறையில் உட்கார்ந்தான். நான்தான் மாலையை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் ரிசல்ட் வந்த சேதி அண்ணன் காதுக்குப் போனதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? அதான் நான் அப்போதே சொன்னேன், அவளிடம் இருந்துதான் பையனுக்கு ஒட்டியது என்றார். கண்ணெதிரே வந்த வெள்ளைப் பூ அவருக்கு மறந்துவிட்டது. ஒரு வாரம் பூவை நம்பினார், அட்டை பொய் என்றார். மறு வாரம் ரத்தத்தை நம்பினார், பூவை விட்டுவிட்டார். எது எப்போது அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் கத்தியாகுமோ அதை அப்போது நம்பினார். என் மேஜைக்கு வருகிற துணியில் நெடுகக் கோடு விழுந்திருந்தால் தைக்கிற பெண்ணையா போய்க் கேட்போம்? துணி பின்னின மெஷினில் எந்த ஊசி ஒடிந்திருக்கிறது என்று பார்ப்போம். இது செக்கிங்குக்குப் புதிதாக வருகிறவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை.

மூன்று ஊசியும் முடிந்ததும் மருமகள் துணிமணியை எடுத்துக்கொண்டு வேலம்பாளையத்துக்குப் போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மை எங்களுக்குத் தெரியும்.

பெண் குழந்தை. நல்ல எடை. பார்க்கப் போனபோது அந்தப் பிஞ்சுக் கையிலும் ரத்தம் எடுத்தார்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாயின் ரத்தத்தில் நிற்கிற காவல் பிள்ளைக்கும் கொஞ்சம் இறங்கி வருமாம், அதனால் இப்போது காட்டினாலும் நோய் என்று சொல்லிவிட முடியாது, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் மறைந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சில மாதமும் நான் சாமியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் அவளே போனில் கூப்பிட்டாள். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாக மாமா," என்றாள். கம்பெனியில் மெஷினை நிறுத்திவிட்டு, ஓடாத துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். பூ சொன்னது பலித்தது, பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும், மருமகளையும் கையோடு கூட்டி வந்துவிடுங்கள் என்றாள். பலித்தது ஊசி என்று சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வேலம்பாளையத்துக்கு நான் மட்டும் போனேன். அவள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது. அத்தை பொங்கல் வைக்கக் கூப்பிடுகிறாள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. யாரை நம்பி வரச் சொல்வது?

டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளே கேட்டாள்.

"எனக்கு அளவு எறங்கிருச்சுன்னு சொல்லிட்டாக மாமா. அவுக திரும்ப ரத்தம் குடுத்துப் பாத்தாகளா?"

இல்லை. ஊசி போட்டதோடு சரி, மறுபடி பார்க்க வரச் சொன்ன நாளுக்கு மகன் போகவில்லை. வேலை இருக்கிறது என்றான். சொல்லக் கூசியது, ஆனாலும் சொன்னேன்.

"குடுக்கச் சொல்லுங்க. அளவு எறங்கிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லுங்க. வந்து என்கிட்ட அவுக வாயாலே சொல்லட்டும். பொங்கலைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

சரி அம்மணி என்றேன். அதில் ஒரு எழுத்துக் கூட மாற்ற எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலையில் மகனை மொபெட்டின் பின்னால் ஏறச் சொன்னேன். இன்றைக்கு ஷிப்மென்ட், மெஷின் நிற்கிறது என்றான். நிற்கட்டும் என்றேன். அவள் உட்கார்ந்து போன அதே சீட்டில் ஏறினான். போகிற வழியில் கோயிலுக்குப் பிரிகிற ரோடு வந்தது. அப்படியே திருப்புவேன் என்று நினைத்தானோ என்னவோ, என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் திருப்பவில்லை. கும்பிட்டுக்கொள்ள ஒரு கையை மட்டும் எடுத்தேன், வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.